ஈசானிய மூலைக் குழாய்

வாருங்கள் மதினி, உள்ளே வாருங்கள். செருப்போடு வந்தாலும் பரவாயில்லை. இந்த ஐப்பசி மழைக்குத் தெருவெல்லாம் சேறு, என் வீட்டில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் பார்க்க முடியாது. பின்னால் போய்ப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். அதை அப்புறம் காட்டுகிறேன், முதலில் உட்காருங்கள். காபி போடட்டுமா? வேண்டாமா? பக்கத்து வீட்டுக்குப் போனால் குடிக்க வேண்டியிருக்குமா? அதுவும் சரிதான். காலையிலிருந்தே கேசரி கிண்டுகிற வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. நெய் இல்லை, டால்டா. என் மூக்குக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் நாம் மட்டும் ஒரு எட்டு போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவோம், அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிப்போம் என்று வந்திருக்கிறீர்கள். விவரமான ஆள் நீங்கள். நானும் என் மகனுக்குப் பெண் எடுக்கும்போது அப்படித்தான் செய்தேன். ஆனால் நீங்கள் தட்டியது வெறும் பக்கத்து வீட்டுக் கதவு இல்லை மதினி. நீங்கள் பார்க்க வந்த சங்கரேஸ்வரிக்கு நான் பெரியம்மா. அவள் அப்பா என் கொழுந்தன், போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் அம்மா வேலுத்தாய் எனக்கு ஓரகத்தி. அதனால் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். என்னைவிட அந்த வீட்டைப் பற்றி யாருக்குத் தெரியும்?

நல்ல பெண். அதில் சந்தேகமே இல்லை. காலேஜ் முடித்திருக்கிறாள். நிறம் கொஞ்சம் மட்டு, பவுடர் போட்டால் தெரியாது. வாய் கொஞ்சம் உண்டு. இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு இல்லை? மாமியார் சரியாக அமைந்தால் அடங்கிவிடும். நீங்கள் அடக்கிவிடுவீர்கள், உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. என் வாயால் அவளைப் பற்றி ஒரு குறை வராது. கொழுந்தன் செத்த அன்றைக்கு அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது இந்தக் கைதான்.

பேச்சுவார்த்தை இல்லையாமே என்று கேட்கிறீர்கள். யார் சொன்னது? முக்குக் கடைக்காரனா? அவனுக்கு வேறு வேலை என்ன. பேச்சுவார்த்தை இல்லாமல் எல்லாம் இல்லை. அவர்கள் பேசமாட்டார்கள், நான் பேசுவேன். அவ்வளவுதான். சொத்துத் தகராறு இல்லை, நகைத் தகராறு இல்லை. எல்லாம் தண்ணீர் மதினி. வெறும் தண்ணீர்.

இந்த இடம் முழுக்க என் மாமனார் வாங்கிப் போட்டது. நடுவில் ஒரு சுவரை வைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி கொழுந்தனுக்கு. கொழுந்தன்தான் முதலில் கேட்டு வாங்கினார், கிழக்குதான் வேண்டும் என்று. எங்கள் வீட்டுக்காரருக்கு எது கொடுத்தாலும் சரி. அவருக்கு வாயில் பதில் வருவதற்குள் பங்கே முடிந்துவிட்டது. கிழக்கு மேடு, மேற்குப் பள்ளம். நம்ம ஊர் கரிசல் மண்ணைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு மழை பெய்தால் உறிஞ்சவே உறிஞ்சாது, களி மாதிரி ஆகிக் கிடக்கும். அங்கே பெய்கிறதும் இங்கே பெய்கிறதும் சேர்ந்து என் பின்வாசலில் வந்து நிற்கும். முழங்கால் வரைக்கும் நிற்கும். கக்கூஸ் அந்தக் கடைசியில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, இந்த வயசில் நான் அதில் நடந்து போக வேண்டும். மல்லிகைக் கொடி அழுகிப் போனது. திருப்பூரிலிருந்து மருமகள் ஒரு மழைக்கு வந்தாள், அடுத்த மழைக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை. பேரனை நான் போனில்தான் பார்க்கிறேன். அதற்கு யார் காரணம்? சொல்லுங்கள்.

இதில் வேலுத்தாய் என்ன செய்வாள் தெரியுமா? அவள் பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே பாயை விரித்து வத்தல், வடகம், மோர் மிளகாய் எல்லாம் காயப்போட்டு விற்றுத்தான் அவள் பிழைப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து, "என்னக்கா, இந்த வருசம் குற்றாலத்துக்குப் போக வேண்டாம் போல, குற்றாலமே ஒங்க வீட்டுக்கு வந்துருச்சே" என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கூடவே இரண்டு பிடி வடகமும் கொடுத்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே? பன்னிரண்டு வருஷம் அந்தப் பேச்சு என் காதுக்குள்ளேயே கிடந்தது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கு என்ன தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சரி என்று ஒரு நாள் யாக்கோபு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவர் வந்து நூல் பிடித்துப் பார்த்தார். ரசமட்டக் குழாயில் தண்ணீர் ஊற்றி மேடு பள்ளம் பார்த்தார். "இது ஒண்ணுமில்லக்கா, மேற்குச் சந்து வழியா ஒரு குழாயப் பொதைச்சு, முன்னால தெருச் சாக்கடை வாறுகால்ல விட்டுருவோம். யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார்.

யாருக்கும் தொந்தரவு இல்லையாம். எனக்குத் தொந்தரவு இல்லையா? அந்தச் சந்தை ஒட்டித்தான் என் பூஜை அறை. துவைத்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் சாமிக்குப் பக்கத்தில் போகலாமா? அது போக, முன்னால் அது வெளியேறுகிற இடம் கன்னிமூலை, தென்மேற்கு. ஜோசியரைக் கேட்டேன். கன்னிமூலை வழியாகத் தண்ணீர் வெளியேறினால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது, ஈசானிய மூலை வழியாகப் போனால் லட்சுமி கடாட்சம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஈசானிய மூலை என்றால் வடகிழக்கு. எங்கள் புழக்கடையில் வடகிழக்கு மூலை எது? அந்தச் சுவர் முடிகிற இடம். அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் அடுப்படி. நான் என்ன செய்ய? திசையை நானா வைத்தேன்?

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "எக்கா, தண்ணி மேட்டுக்கு ஏறாதே" என்றார். "அப்போ மேட்டை மாத்துங்க" என்றேன். எப்படி? படித்தவர்களுக்கு வராத யோசனை. லாரி லாரியாகக் கிராவல் மண் அடித்தேன். புழக்கடை முழுக்க இடுப்பளவு ஏற்றினேன். தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து, மேலே சல்லி பரப்பி, அதற்கு மேலே சிமெண்ட் தளம். மேற்கே உயரம், வடகிழக்கே சரிவு. வாட்டம் பார்க்கக் கொத்தனார் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டார். குடுகுடு என்று ஓடி நேராகப் போய் மூலையில் நின்றது. அங்கே சுவரில் ஓட்டை போட்டு, ஒரு குழாய். நாலு இஞ்சு போதும் என்றார் கொத்தனார். நான் ஆறு இஞ்சு போடச் சொன்னேன். செய்கிறதைச் சரியாகச் செய்ய வேண்டாமா?

சுவரில் ஓட்டை போடும்போது வேலுத்தாய் ஓடிவந்தாள். கையெல்லாம் வடக மாவு. "அக்கா, குழாயை எங்க பக்கமாவா விடுறீங்க? எங்க அடுப்படிக்கு நேரா வருதேக்கா."

"சாமி மூலை தாயி. நான் என்ன செய்ய."

"நாங்க வத்தல் காயப்போடுற எடம்க்கா அது."

"பன்னெண்டு வருசமா ஒங்க தண்ணிய நான் வாங்கிக்கிட்டேன். ஏதாவது சொன்னேனா? இப்போ குற்றாலத்தை ஒங்களுக்கே தாரேன், வச்சுக்கோங்க."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை மதினி. முழித்துக்கொண்டு நிற்கிறாள். பேசுகிறவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

முதல் மழை பெய்தது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். நான் ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தளத்தில் விழுகிற தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை. எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி மூலைக்கு ஓடுகிறது. அந்தப் பக்கம் கொட்டுகிற சத்தம் அருவி மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் கால் நனையவில்லை. அந்தப் பக்கம் என்னவோ பாத்திரம் உருளுகிற சத்தமும், ஆத்தாளும் மகளும் ஓடுகிற சத்தமும் கேட்டது. வடக மாவு டிரம் மிதந்துவிட்டதாம். மேடான இடத்தில் வைத்திருக்க வேண்டியதுதானே?

எங்கள் ஆள் இருக்கிறாரே, அவருக்குத் தாங்கவில்லை. தம்பி குடும்பம் என்றால் உருகிவிடுவார். அடுத்த மழைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்துவிட்டார். திரும்பி வந்தால் என் தளத்தில் கணுக்கால் தண்ணீர்! "எவன் அடைச்சது?" என்றேன். இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ஆனால் வேட்டி நனைந்திருந்தது. சாக்கைப் பிடுங்கி அவர் மடியிலேயே போட்டேன். "ஒங்களுக்குப் பொண்டாட்டி நானா, இல்ல அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காளா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான். அவளுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன். அதிலிருந்து அவர் புழக்கடைப் பக்கமே வருவதில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான்.

அப்புறம் ஒரு நாள் சங்கரேஸ்வரி வந்தாள். வாசல்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. "பெரியம்மா, ஒங்க துவைச்ச தண்ணி எங்க அடுப்படியில நிக்குது. வத்தல் போட எடம் இல்ல. அம்மா ராத்திரியெல்லாம் தூங்கல. அந்தக் குழாயை மேற்குச் சந்து வழியா மாத்திக்கோங்க. கொத்தனார்ட்ட நான் பேசிட்டேன். சித்தாள் வேண்டாம், நானே வந்து மண்ணு சுமக்கேன். நீங்க ஒரு வேலையும் பாக்க வேண்டாம்" என்றாள்.

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். என் வீட்டுக் குழாய்க்கு என்னைக் கேட்காமல் கொத்தனாரிடம் பேசியிருக்கிறாள். "ஏட்டி, நீ மண்ணு சுமந்தா எவன் ஒன்னயக் கட்டுவான்? போய் வேலையைப் பாரு" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழவாவது செய்திருக்கலாம். அழவில்லை. அப்படிப்பட்ட பெண்களை எனக்குப் பிடிக்காது, உள்ளதைச் சொல்கிறேன்.

சரி, என் பாட்டைச் சொல்லிக்கொண்டே போகிறேன். உங்களுக்கு இந்தச் சம்பந்தம் எப்படித் தகைந்தது? தரகர் மூலமாகவா? இல்லையா? பின்னே?

இவரா?

எங்கள் வீட்டுக்காரரா? உங்கள் வீட்டுக்காரரும் இவரும் மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்களா. அப்படியா. இவரே வீடு தேடி வந்து, என் தம்பி மகள், தங்கமான பெண் என்று சொன்னாரா. எப்போது? போன மாசமா.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மதினி. இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துதான் காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சட்னி என்றார். இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன தடுத்துவிடவா போகிறேன்? நல்ல காரியம்தானே. பெரியப்பா முறை செய்கிறார். செய்யட்டும். இருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கால் விஷயத்தையும் சொல்லியிருப்பாரே?

சொல்லவில்லையா? அடப்பாவமே. நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. இல்லை, நீங்கள் கேட்காதீர்கள். எனக்கு எதற்கு வம்பு. நாளைக்கு, பெரியம்மா கெடுத்துவிட்டாள் என்று ஆகிவிடும். அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடப்பாள். புடவை கட்டினால் சட்டென்று தெரியாது. உட்கார்ந்தே இருந்தால் தெரியவே தெரியாது. உங்களுக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் காட்டுவார்கள், நீங்களே பாருங்கள். "கொஞ்சம் நடந்து வாம்மா" என்று சொன்னால்தான் தெரியும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பிறவியா என்றா கேட்கிறீர்கள்? பிறவியில் என்று நான் சொல்ல மாட்டேன். என் வாயால் பொய் வராது. போன கார்த்திகையில் விழுந்தாள். புழக்கடையில் இடம் இல்லை என்று வத்தல் தட்டையெல்லாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாடிப்படி ஆரம்பிக்கிற இடமும் என் குழாய் விழுகிற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டது. தண்ணீர் விழுகிற இடத்தில் பாசி பிடிக்காமல் இருக்குமா? தேங்காய் நார் போட்டுத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவவில்லை. மழை வருகிறது என்று தலையில் தட்டோடு இறங்கி ஓடிவந்திருக்கிறாள், கடைசிப் படியில் வழுக்கிவிட்டாள்.

நான் இங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். சுவர் வரைக்கும் ஓடினேன். இவர் சுவர் ஏறியே குதித்துவிட்டார், அறுபது வயசில்! அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுகிறார். இவள், வேலுத்தாய், அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கத்துகிறாள், "ஒன் தண்ணிதாண்டி எம் பிள்ளயத் தள்ளுச்சு!"

தண்ணீர் தள்ளுமா மதினி? அதற்கென்ன கையா இருக்கிறது?

நல்ல ஆஸ்பத்திரிக்கு இவர் கூட்டிப்போகிறேன் என்றாராம். வேலுத்தாய் எண்ணெய்க் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனாள். வத்தல் யாவாரம் படுத்துவிட்டது, வசதி இல்லையாம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவர்கள் முடிவு, நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்கும் மனசு உண்டு. மறுநாளே ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் வாங்கிச் சுவர் மேல் வைத்தேன், பாசிக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று. கண்ணால் பார்த்துக்கொண்டே எடுக்கவில்லை. மழையில் நனைந்து வெள்ளையாகச் சுவரில் வழிந்து போனது. அவ்வளவு திமிர்.

ஏன் மதினி, எழுந்துவிட்டீர்கள்? அட, மழை வேறு பிடித்துக்கொண்டது. வாருங்கள், இப்போது பின்னால் வாருங்கள். மழை பெய்யும்போதுதான் என் தளத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தீர்களா? நின்று பாருங்கள். எங்காவது ஒரு சொட்டு நிற்கிறதா? எப்படி ஓடுகிறது பாருங்கள்! மண்ணை ஏற்றிவிட்டதால் சுவரும் இப்போது என் இடுப்புக்குத்தான் வருகிறது. நன்றாக எட்டிப் பார்க்கலாம்.

அதோ, அவள்தான். பச்சைப் பட்டு கட்டியிருக்கிறாள். அது வேலுத்தாயின் கலியாணப் பட்டு, எனக்குத் தெரியும். செருகிக்கொண்டு குடத்தால் தண்ணீரை இறைத்து ஊற்றுகிறாள் பாருங்கள். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று. அப்படியே நடையைப் பாருங்கள். ஒன்று. இரண்டு. அந்தக் கால் வரும்போது பாருங்கள், இடுப்பு இறங்குகிறதா? நான் சொன்னதில் ஒரு பொய் உண்டா?

என்ன சொன்னீர்கள்? விழுந்ததோ பிறவியோ, கால் கால்தானே என்கிறீர்களா.

பெரிய பேச்சு மதினி. நான்கூட அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. ஒற்றை மகனை வைத்திருக்கிறீர்கள், நாலு பேர் கலியாணத்தில் பார்ப்பார்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. அங்கே போய் உட்கார்ந்து கேசரி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வதுதான் பாவம். போகாமலே இருப்பது எவ்வளவோ நல்லது. போனில் சொல்லிக்கொள்கிறீர்களா? எதற்கு மதினி போன், சுவர்தானே. நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நான் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். கால் பேச்சே வராது.

"ஏ வேலுத்தாயி! சங்கரேசு! மாப்பிள்ளை வீட்டு மதினி வந்தாக. இங்கதான் இருக்காக. மழையா இருக்கு, ஒங்க பக்கம் தண்ணியும் நிக்குது. பட்டுச்சேலை நனைஞ்சுரும்னு பாக்காக. இன்னொரு நாள் வாராகளாம்!"

"பெரியம்மா, தண்ணியெல்லாம் இறைச்சுட்டேன்! வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் கல்லு போட்டு வச்சிருக்கேன். அத்தைய வரச் சொல்லுங்க, கால் நனையாது!"

கேட்டீர்களா? நீங்கள் இன்னும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் அத்தையாம்.